ஒரே தாள், அடியில் ஓர் ஏரி: உள்ளர்த்தம் வைத்து ஜீன் செய்யலாம் வாங்க

500 ரூபாய் நோட்டு ஒன்று கையில் இருந்தால் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். முன்பக்கத்தின் இடது ஓரத்தில் பாதி பாதியாக, உடைந்த மாதிரி அச்சாகியிருக்கும் கோடுகள் பின்பக்கத்தில் அதே இடத்தில் இருக்கிற மீதிக் கோடுகளோடு சேர்ந்து 500 என்று முழுசாகத் தெரியும். மேஜையில் கிடக்கும்போது கிறுக்கல், வெளிச்சத்தில் எண். தினமும் நம் கையில் புழங்குகிற தாள் இப்படி இரண்டு விதமாகப் பேசுகிறது. இதே மாதிரி இரண்டு அடுக்கில் பேசுகிற ஒரு குட்டிப் புத்தகத்தை வீட்டிலேயே, ஒரு ஏ4 தாளும் கத்தரிக்கோலும் கறுப்புப் பேனாவும் வைத்துச் செய்ய முடியும். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஜீன் என்றால் என்ன. மேகஜீன் என்ற சொல்லின் வால்தான் அது. பதிப்பகம், ஆசிரியர் குழு எதுவும் இல்லாமல் ஒருவர் தானே எழுதி, வரைந்து, வெட்டி ஒட்டி, ஜெராக்ஸ் போட்டு, பத்தோ ஐம்பதோ பிரதி எடுத்துக் கையில் கொடுப்பது. 1930இல் சிகாகோவில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் 'தி காமெட்' என்று ஒன்று வெளியிட்டார்கள், இந்த வகையில் முதலாவது என்று பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள். ஃபேன்ஜீன் என்ற சொல் 1940இல் வந்து, பிறகு முன்பாதி உதிர்ந்து ஜீன் ஆனது. 1959இல் ஜெராக்ஸ் 914 இயந்திரம் வந்த பிறகு பிரதி எடுப்பது பட்டன் அமுக்குகிற வேலையாகிவிட, 1970களில் லண்டன் பங்க் இசை ரசிகர்கள் அதை வைத்து ஜீனாகப் போட்டுத் தள்ளினார்கள். சோவியத் ஒன்றியத்தில் இதற்கு வேறு முகம். தணிக்கைக்குத் தப்ப வேண்டிய எழுத்துகளை, கார்பன் தாள்களை அடுக்கி வைத்து டைப்ரைட்டரில் அடித்து, படித்தவர் மறுபடி அடித்து அடுத்தவருக்குக் கொடுப்பார், அதற்கு சமிஸ்தத் என்று பெயர். நம் பக்கம் கையெழுத்துப் பத்திரிகை என்று ஒன்று இருந்தது, ஒரே ஒரு பிரதி ஊரெல்லாம் சுற்றும். வீட்டில் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் அதில் கதை எழுதியிருப்பார்.

சரி, உள்ளர்த்தம். ஒரு விஷயத்தை ஒளித்து வைப்பது நமக்குப் புதிது கிடையாது. தொல்காப்பியம் உள்ளுறை என்று பேசுகிறது, மேலே மீனும் நாரையும், உள்ளே தலைவன் தலைவி. தண்டியலங்காரத்தில் சித்திரகவிகளை, அதாவது எழுத்தை வைத்து விளையாடுகிற பாட்டுகளை, பட்டியல் போடும்போது கூடசதுர்த்தம் என்று ஒன்று வரும், பாட்டின் நான்காவது அடியில் உள்ள எழுத்துகள் எல்லாம் முதல் மூன்று அடிகளுக்குள்ளேயே மறைந்திருக்க வேண்டும். கரந்துறை செய்யுள் என்று இன்னொன்று, ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டின் எழுத்துகள் ஒளிந்திருக்கும். அந்தப் புலவர்களுக்கு இருந்தது எழுத்து மட்டும்தான். ஜீன் செய்கிறவருக்கு மடிப்பு, வெட்டு, தாளின் கனம், வெளிச்சம், வாசகரின் கட்டைவிரல் எல்லாமே கருவி.

இதில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே விஷயம் இதுதான்: எதைப் பற்றி எழுதுகிறீர்களோ அதுவே எப்படி மறைந்திருக்கிறதோ, அதே விதத்தில் உங்கள் தாளிலும் மறையட்டும். மண்ணுக்கு அடியில் போன ஒன்றைப் பற்றி எழுதினால் அது தாளுக்கு அடியில் இருக்கட்டும். பேச்சுக்கு நடுவில் சொல்லாமல் விட்ட ஒன்று என்றால் அது வரிகளுக்கு நடுவில் இருக்கட்டும். சும்மா எலுமிச்சைச் சாற்றில் எதையோ எழுதி வைத்தால் சூடு காட்டி அது பழுப்பாக வெளிவரும் ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது ஏன் எலுமிச்சையில் இருக்கிறது என்பதற்குப் பதில் இல்லை என்றால் அந்த ஜீனை யாரும் இரண்டாவது தடவை கையில் எடுப்பதில்லை.

ஒரு ஜீனை முழுசாக எடுத்துக்கொள்வோம், நான் செய்தது, தி. நகர் பற்றி.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ரங்கநாதன் தெருவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு ஏரி இருந்தது என்றால் நம்பவே முடியாது. ஆனால் இருந்தது. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டையை நோக்கி நீண்டு கிடந்த நீர்ப்பரப்பு, ஆங்கிலேயர் லாங் டேங்க் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதில் மாம்பலம் ஏரியை 1920களில், நீதிக்கட்சி ஆட்சியில், வற்ற வைத்துக் கட்டிய குடியிருப்புதான் தியாகராய நகர். பனகல் பூங்கா பெயர்கூட அந்தக் காலத்தில், 1921 முதல் 1926 வரை, முதலமைச்சராக இருந்த பனகல் அரசருடையது. ஏரி போய்விட்டது, ஆனால் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டடம்தான் தெரியும் அங்கே.

அடியில் ஏரி, மேலே துணிக்கடை. பொருளே இரண்டு அடுக்காகக் கையில் வந்து விழுந்தது. இதற்கு ஏ4 தாளை எட்டுப் பக்கமாக மடிக்கிற முறையைப் போல் பொருத்தமானது இல்லை, ஏனென்றால் அந்த மடிப்பில் தாளின் ஒரு பக்கம் முழுவதும் உள்ளே போய்விடும்.

மடிப்பைச் சொல்கிறேன், பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு படித்தால் உடனே புரியும். தாளை அகலவாக்கில் வையுங்கள். நீளத்தை நாலு சமபாகமாகவும் உயரத்தை இரண்டாகவும் மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்து, மறுபடி விரியுங்கள். மேலே நாலு, கீழே நாலு, மொத்தம் எட்டுக் கட்டம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 74 மில்லிமீட்டருக்கு 105. இப்போது நடுவில் குறுக்கே ஓடுகிற கோட்டில், ஓரக் கட்டங்களை விட்டுவிட்டு, நடு இரண்டு கட்டங்களின் அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள். தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் வெட்டிய இடம் வாய் திறந்து ஒரு கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சுற்றி அமுக்கினால் புத்தகம். ஸ்டேப்ளர் வேண்டாம், பசை வேண்டாம்.

எந்தக் கட்டத்தில் எந்தப் பக்கம்? கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, பின்னட்டை (8), முன்னட்டை (1). மேல் வரிசையில் இடமிருந்து 5, 4, 3, 2, இவை நான்கும் தலைகீழாக. எழுதும்போது மேல் வரிசைக்குத் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதினால் போதும். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஒரு வெற்றுத் தாளை மடித்து, புத்தகமாகவே வைத்துக்கொண்டு பக்க எண் போட்டு, பிறகு பிரித்துப் பாருங்கள். அந்தத் தாள்தான் உங்கள் வரைபடம், கடைசி வரை மேஜையில் இருக்கட்டும்.

இப்போது மேலடுக்கு. என் ஜீனின் உள்பக்கங்கள் ஆறிலும் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, கீழே ஒரு சின்னக் கோட்டுப் படம். அம்மாவோடு தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற ஒரு பிள்ளை சொல்கிற மாதிரி.

"நீ என் கையை விடாதே என்று அம்மா நாலு தடவை சொல்லிவிட்டாள்."

"நிற்கும் கூட்டம் நடக்கும் கூட்டத்தை மறிக்கிறது."

"இடம் இல்லாத நடைபாதையில் ஒருவர் முப்பது குடை விரித்து வைத்திருக்கிறார்."

"முன்பு இந்தக் கடை இரண்டு மாடிதானாம்."

"பெரிய பை அம்மாவுக்கு, சின்னப் பை எனக்கு."

"ஏரி தெரியும் சாலை என்று இங்கிலீஷில் எழுதிய பலகையைத் தாண்டி வீட்டுக்கு நடக்கிறோம்."

இதை அப்படியே ஒரு சின்னக் கதையாகப் படித்துவிட்டு மூடலாம், குறை ஒன்றும் தெரியாது. மேலடுக்கு இப்படித் தனியாக நிற்க வேண்டும், இது ரொம்ப முக்கியம். உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்காதவர் ஏமாந்து போனதாக உணரக் கூடாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் முதல் சொல்லை மட்டும் வரிசையாகப் படித்தால்: நீ நிற்கும் இடம் முன்பு பெரிய ஏரி.

ஏன் முதல் சொல், முதல் எழுத்து இல்லையா என்று கேட்கலாம். முதல் எழுத்து வைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன், தமிழில் அது சீக்கிரம் முட்டி நிற்கும். புள்ளி வைத்த எழுத்தில் சொல் தொடங்காது, ண, ழ, ள, ற, ன எதிலும் தொடங்காது, ட, ர, ல வேண்டுமானால் கடன் வாங்கிய சொல்லைத் தேட வேண்டும். 'ஏரி' என்று ஒளிக்கவே 'ரி'யில் தொடங்குகிற வரி வேண்டும், ரிக்‌ஷாவைக் கூப்பிட வேண்டியதுதான். முதல் சொல் என்றால் இந்தத் தொல்லை இல்லை. வரியைப் பின்னாலிருந்து கட்ட வேண்டும்: ஒளிக்கிற வாக்கியத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஆறு சொல்லுக்குள், ஒவ்வொரு சொல்லும் ஒரு புது வரியைத் தொடங்க வசதியாக இருக்கிற மாதிரி. நான் முதலில் 'ஒரு காலத்தில்' என்று வைத்திருந்தேன், 'காலத்தில்' என்று தொடங்கி எழுதிய எல்லா வரியும் செய்யுள் மாதிரி நெளிந்தது, அதனால்தான் 'முன்பு' வந்தது. வரி நெளிந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று காட்டிக் கொடுத்துவிடும்.

அப்புறம் தாளின் மறுபக்கம். முழுத் தாளுக்கும் ஒரே படம், நீலத்தில் ஏரி, கரையில் நாணல், ஒரு கொக்கு. எழுத்து ஒன்றும் கிடையாது. மடித்தபின் இது எங்கே போகிறது என்று கவனியுங்கள். புத்தகத்தின் ஒவ்வொரு இதழும் உண்மையில் இரட்டைத் தாள், நீலம் அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். 1-2, 5-6 ஆகிய இதழ்கள் மேலே மடிப்பாக மூடியிருக்கும், 3-4ம் 7-8ம் ஓரத்தில் மூடி, மேலே திறந்திருக்கும். அதனால் மூன்றாம் பக்கத்தை மேலேயிருந்து லேசாகப் பிதுக்கினால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி உள்ளே நீலம் தெரியும். தாளின் கனம் 70 ஜிஎஸ்எம் என்றால் இன்னும் நல்லது: பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்தால் குடை விரித்த நடைபாதைக்குப் பின்னால் தண்ணீர் மங்கலாக மேலே வரும். கனமான தாள் வாங்கினால் இது நடக்காது. அழகாக இருக்கட்டும் என்று 120 ஜிஎஸ்எம் வாங்குகிற ஆசை எல்லோருக்கும் வரும், இந்த வேலைக்கு வேண்டாம்.

குடைக்குப் பின்னால் சரியாக அந்தக் கொக்கு வர வேண்டும் என்றால் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பகல் வெளிச்சத்தில், மறுபக்கம் எது எங்கே வருகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வரையுங்கள். ஒரே இதழில் இரண்டு கட்டங்களின் நீலம் சேர்ந்து தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள், அதனால் நுணுக்கமான படம் குழம்பும், பெரிய வடிவங்கள் மட்டும் நிற்கும். ஜெராக்ஸ் கடையில் முன்னும் பின்னும் போடும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போகும், அதற்கும் இடம் விடுங்கள். கலர் பிரதிக்குக் காசு அதிகம் என்றால் முன்பக்கத்தை மட்டும் கறுப்பு வெள்ளையில் எடுத்து, பின்பக்க நீலத்தைக் கையாலேயே பூசலாம். லேசர் பிரிண்டரும் ஜெராக்ஸ் இயந்திரமும் போடுகிற கறுப்பு சூட்டில் உருகி ஒட்டிய பொடி, தண்ணீர் பட்டால் கரையாது. இங்க்ஜெட்டில் எடுத்த தாளில் வாட்டர் கலர் பூசினால் பெரும்பாலும் எழுத்து கலங்கிவிடும்.

நீலம் பூசும்போது இன்னொரு அடுக்கும் சேர்க்கலாம். வெள்ளை மெழுகுவத்தியால் அழுத்தி எழுதினால் தாளில் ஒன்றும் தெரியாது, மேலே வாட்டர் கலர் ஓட்டினால் மெழுகு இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒட்டாமல் வெள்ளையாக எழுத்து எழும்பும். நான் ஏரிக்குள் கொக்கை அப்படித்தான் விட்டேன். மெழுகு தேய்த்த தாளை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குள் விடாதீர்கள், உள்ளே இருக்கிற சூட்டில் உருகிக் கடைக்காரருக்குச் செலவு வைத்துவிடும். முதலில் பிரதி, பிறகு மெழுகு, கடைசியாகத்தான் வண்ணம்.

ஏரி வேண்டாம், உங்களுக்குச் சொல்ல வேறு ஒன்று இருக்கும். அதற்கு வேறு மறைப்பு பொருந்தலாம். ட்ரேசிங் பேப்பரில் தமிழ் எழுத்து செய்கிற ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடித்தாளில் 'ப', கொஞ்சம் இடைவெளி, 'ல' என்று பெரிதாக எழுதுங்கள். அதன்மேல் ஒரு ட்ரேசிங் தாள், அதில் ல-வுக்கு மேலே வருகிற புள்ளி மட்டும். அதற்கும் மேல் இன்னொன்று, அதில் ப-வுக்குப் பக்கத்தில் ஒரு துணைக்கால் மட்டும். மூன்றும் படிந்திருக்கும்போது 'பால்'. மேல் தாளைத் திருப்பினால் 'பல்'. அடுத்ததையும் திருப்பினால் 'பல'. குழந்தைக்கு முதல் பால் பல் விழுந்ததைப் பற்றி ஒரு ஜீன் செய்ய இது போதும், ஒவ்வொன்றாக விழ விழ வார்த்தை மாறிக்கொண்டே போகும். துணைக்காலுக்காக விட்ட அந்த இடைவெளி கடைசியில் பல் விழுந்த இடம் மாதிரியே காலியாக நிற்கும். செய்யும்போது முழு வார்த்தையையும் அடித்தாளில் பென்சிலால் எழுதி, மேலே ட்ரேசிங் தாளை வைத்து அந்தந்தக் குறியை மட்டும் படியெடுத்து, பிறகு பென்சிலை அழியுங்கள். புள்ளி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எழுத்தோடு சேராமல் மைக்கறை மாதிரி தெரியும், அதனால் ட்ரேசிங் தாளின் இடது ஓரத்தை ஒட்டிய பிறகே குறியைப் போடுவது நல்லது.

சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் இன்னொரு வழி. வெள்ளைத் தாளில் நீலத்தில் ஒரு செய்தி, அதன்மேலேயே வெளிர் சிவப்பில் கிறுக்கல். கண்ணாடிப் பேப்பரை வைத்துப் பார்த்தால் சிவப்பு மறைந்து நீலம் கருப்பாகத் தெரியும். வாக்குவாதம் பற்றி, கூச்சலுக்கு அடியில் ஒருவர் உண்மையில் சொல்ல வந்தது பற்றி ஒரு ஜீன் என்றால் இது பொருந்தும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் இது செத்துப்போகும், அதை மறக்காதீர்கள்.

எவ்வளவு மறைப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். தி. நகர் ஜீனின் முதல் இருபது பிரதிகளில் புத்தகம் பிரியாமல் இருக்கட்டும் என்று இதழ்களின் ஓரத்தைப் பசையால் ஒட்டிவிட்டேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், யாருமே உள்ளே பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அக்கா மகள் மட்டும், ஏழு வயது, ஒரு மூலையில் பசை விட்டுப்போயிருந்த இடத்தில் விரலை விட்டுக் கிழித்தாள். அக்கா திட்ட வாய் திறப்பதற்குள் தாளைத் தரையில் முழுசாக விரித்து, இரண்டு கையாலும் தடவிச் சமமாக்கி, "சித்தி, இதுல தண்ணி இருக்கு" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்திருக்கிறேன், பத்தொன்பது பேருக்கு அது போய்ச் சேராமல் நானே பசை வைத்துத் தடுத்திருக்கிறேன் என்று அன்றைக்கு ரொம்ப வலித்தது.

அதற்குப் பிறகு பசை கிடையாது, ஒரு சாடை மட்டும் வைக்கிறேன். மூன்றாம் பக்கத்தின் மேல் விளிம்பைத் தொடுகிற மாதிரி நீலத்தில் ஒரு சொட்டு, விளிம்பைத் தாண்டி உள்ளே வழிந்து போகிற மாதிரி. பின்னட்டையில் 'விளக்கடியில் படிக்கவும்' என்று சின்னதாக ஒரு வரி. 'உள்ளே ரகசியம் இருக்கிறது' என்று எழுத மனசு வரும், எழுதாதீர்கள், அப்போது மேலடுக்கை யாரும் படிக்காமல் நேரே கிழிக்கப் போய்விடுவார்கள். சாடை எந்த அளவு என்பதற்குச் சோதனை சுலபம்: விஷயம் தெரியாத மூன்று பேரிடம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் அவர்கள் விரலைப் பாருங்கள். மூவருமே முதல் நிமிஷத்தில் பிரித்தால் சாடை அதிகம். மூவருமே மூடி வைத்துவிட்டால் குறைவு. ஒருவர் மூடி வைத்துவிட்டுத் திரும்ப எடுத்து மேல் விளிம்பைத் தடவினால் அப்படியே விட்டுவிடுங்கள், இனி அதில் கை வைக்க வேண்டாம்.

முதல் ஜீனுக்குப் பத்துப் பிரதி போதும். மடிப்பதற்கு ஒரு ஸ்டீல் ஸ்கேலின் முதுகு, வெட்டுவதற்கு நல்ல கத்தரிக்கோல். பத்தையும் ஒரே நாளில் மடித்துவிடுங்கள், கை பழகிய பிறகு ஆறாவதிலிருந்து மூலைகள் சரியாகச் சேரும். முதல் ஐந்தில் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிப்புக்குப் பக்க எண் வரைபடமாக உதவும். நான் இப்போது அந்த இருபது பேரில் யார் யாரிடம் இன்னும் பழைய பிரதி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், பசை இல்லாத புதுசைக் கொடுத்து மாற்றிக்கொள்ள.